இருபத்திரண்டு தசம் நான்கு

2004 ஓகஸ்ட் 18, புதன்கிழமை, காலை 6.40. தென்மேற்கிலிருந்து சோளகம் பலமாக வீசிக்கொண்டிருந்தது. வானத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு மெல்லிய உயர்மேகம், மிச்சம் வெளி. விறாந்தை வெப்பமானியில் இருபத்தெட்டு பாகை. மழை பெய்து எழுபத்தொரு நாள். அந்த நிமிடத்தில், என் கையிலிருந்த சிறிய மெஷின் என் மனைவியின் இரத்தத்துச் சீனியைப் பார்த்து 22.4 என்று காட்டியது.

அது கனடாவிலிருந்து வந்த மெஷின். எங்கள் ஆஸ்பத்திரிக் கணக்குக்கு மாற்ற அந்த எண்ணைப் பதினெட்டால் பெருக்க வேண்டும். பெருக்கினேன். நானூற்று மூன்று தசம் இரண்டு. பிழையாகப் பெருக்கியிருக்கலாம் என்று மறுபடியும் பெருக்கினேன். அதே நானூற்று மூன்று.

"எவ்வளவு காட்டுது?" என்று கேட்டாள்.

"கூட."

"கூட எண்டால்?"

"இஞ்சாரும், உண்மையைச் சொல்லும். நீர் பாயில காயுற பனாட்டைத் தின்னுறீர், என்ன?"

அவள் குத்திய விரலைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு நறுக்குத் தொடேல்லை."

"மெஷின் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்லுறன் எண்டுறியள்."

மெஷினில் சொருகும் சோதனைத் துண்டான கீலம் இன்னொன்றை எடுத்து அதே விரலைப் பிதுக்கி மறுபடியும் பார்த்தேன். 23.1. காலநிலை அவதான நிலையமொன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். மழைமானியையும் வெப்பமானியையும் நாளுக்கு எட்டுத் தடவை வாசித்தவன். சந்தேகம் வந்தால் இரண்டாவது தடவை வாசி, இரண்டும் கிட்டக்கிட்ட இருந்தால் நம்பு என்றுதான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். இரண்டும் கிட்டக்கிட்ட இருந்தன.

இந்தக் கீலங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவற்றை அனுப்பியவன் என் தம்பியின் மகன், என் பெறாமகன். கனடாவில், மையால் மின்சுற்று அச்சடிக்கும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறான். ஏப்ரல் மாதம், ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் மெஷினையும் ஐம்பது ஐம்பதாக நூறு கீலங்களையும் கொடுத்தனுப்பியிருந்தான். கூட வந்த கடிதத்தில், "இது நான் நிற்கிற பகுதியில் அச்சடிச்சது, பெரியப்பா. கலியாணக் காட் அடிக்கிற மாதிரித்தான். ஒரு சட்டத்தில் நுண்ணிய வலையை இறுக்கிக் கட்டி, அதுக்குள்ளாலே மையைத் தள்ளி விடுறம். மை மட்டும் வேற. கரி மை, வெள்ளி மை. காய்ந்த பிறகு அதுக்குள்ளாலே கரண்ட் ஓடும்" என்று எழுதியிருந்தான்.

நம்ப முடியாமல் இருந்தது. எனக்குத் தெரிந்த மின்சாரம் செம்புக் கம்பிக்குள் ஓடுவது. ஒரு கீலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நகத்தைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு கறுப்புக் கோடு, ஒரு சாம்பல் கோடு. வளைத்தேன், வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. நுனியில் இரத்தத் துளியைத் தொட்டால் அது தானே உறிஞ்சிக்கொள்ளும். அங்கே பூசியிருக்கிற நொதியம் இரத்தத்துச் சீனியைப் பிடித்து அதிலிருந்து இலத்திரன்களைப் பிரித்தெடுக்கும். அவை கறுப்புக் கோடு வழியாக ஓடிவர, எவ்வளவு ஓடுகிறதென்று மெஷின் அளக்கும். சீனி கூடினால் ஓட்டம் கூடும். இவ்வளவுதான் விஷயம் என்று பெறாமகன் படம் கீறியே விளங்கப்படுத்தியிருந்தான்.

முந்தி நாங்கள் பாவித்தது நிறம் மாறும் கீலம். அதை நான் சவர அலகால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒன்றை இரண்டாக்கிப் பாவிப்பேன். எங்கள் நெடுந்தீவில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். பாதிக் கீலமும் முழு நிறத்தைத்தான் காட்டும். அதே பழக்கத்தில் இந்தப் புதுக் கீலத்திலும் ஒன்றைப் பிளந்தேன். அலகு கறுப்புக் கோட்டின் நடுவே போனது. மெஷினில் சொருகினால் பிழை என்று மட்டும் சொன்னது. பெறாமகனுக்கு எழுதினேன். "பெரியப்பா, நீங்கள் ஒரு கம்பியை வெட்டிப்போட்டியள்" என்று பதில் வந்தது. சிரித்திருப்பான். நூறு தொண்ணூற்றொன்பதானதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பயம் உப்புக் காற்று. அவதான நிலையத்தில் கடல் பக்கம் வைத்த கருவிகளின் செம்பு முனைகள் மூன்று மாதத்தில் பச்சை பிடித்ததைக் கண்டவன் நான். வெள்ளி மை நெடுந்தீவுக் காற்றுக்கு எத்தனை நாள் நிற்கும்? அதனால் கீலக் குப்பியை வறுத்த அரிசி போட்ட கண்ணாடிப் போத்தலுக்குள் வைத்து, போத்தலை அலுமாரிக்குள் வைத்து, திறக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். வாரத்துக்கு ஒருமுறை எண்ணினேன். மூன்று நாளுக்கு ஒன்று என்பது திட்டம். ஏப்ரலிலிருந்து யூலை நடுப்பகுதி வரை எண்கள் ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான் நின்றன. நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.

யூலை கடைசியில் பனம்பழம் விழத் தொடங்கியது. மனைவி பனாட்டுப் போடத் தொடங்கினாள். சீனி வியாதி உள்ள அவள் அதைத் தின்னக் கூடாது. ஆனால் கேட்டிருந்தவன் அதே பெறாமகன். கனடாவில் எல்லாம் கிடைக்குமாம், இது மட்டும் கிடைக்காதாம். கீலம் அனுப்பியவன் கேட்டால் இல்லையென்று சொல்வதா? விடிய நாலு மணிக்கு எழும்பிப் பழத்தைப் பிசைந்து களி எடுத்து, வடித்து, பாயில் பூசுவாள். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. அது காய்ந்து தடித்து ஒரு தோல்போல வரும்வரை.

அந்த மாதமே எண்கள் ஏறத் தொடங்கின. 11. பிறகு 13.6. பிறகு 15. மூன்று நாளுக்கு ஒன்று என்ற திட்டம் நாளுக்கு ஒன்றானது. அவளுக்குத் தெரியாமல் பாயிலிருந்த பனாட்டின் ஓரங்களை அளந்து வைத்தேன். ஒரு விரற்கடை குறைந்தால் காகமா, இவளா என்று யோசித்தேன். வேறு எந்தக் காரணமும் என் தலைக்குள் வரவில்லை. டொக்டர் சீனியை இறக்கக் காலையில் ஒரு குளிசை என்றுதான் எழுதியிருந்தார். ஓகஸ்ட் நான்காம் திகதி நானே அதை இரண்டாக்கினேன். அதன்பிறகு முற்பகலில் கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது என்று அவள் இரண்டு மூன்று தரம் சொன்னாள். சீனி ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

இனி அந்தப் புதன்கிழமை. 22.4 வந்த பிறகு மூன்று குளிசை கொடுத்தேன். காலைச் சாப்பாடு வேண்டாம் என்றேன். அவள் விழுங்கினாள். களவெடுத்ததாகச் சொன்ன கோபம் அவள் முகத்தில் இருந்தது. அது குற்றத்தின் முகம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் அந்தக் கிழமை இல்லை, யாழ்ப்பாணம் போயிருந்தார். நானூறுக்கு மேல் போன சீனியை அங்கே நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி என்ன செய்வாள்? யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டுபோவோம் என்று தீர்மானித்தேன். அயலவரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கதிரை வைத்து அவளை இருத்தி, மெஷினையும் கீலப் போத்தலையும் என் மடியில் வைத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனபோது மணி 9.25. காலைப் படகு கடல் கொந்தளிப்பால் ஓடவில்லை. இஞ்சின் பூட்டின வள்ளம் வைத்திருந்த ஒருவரின் வீடு துறைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போனேன்.

"இந்தக் கடலில நான் ஆளை ஏத்த ஏலாது, அண்ணை" என்றார் வள்ளக்காரர். "பதினொரு மணிக்குக் கொஞ்சம் தணியும். அப்ப பாப்பம். அக்காவுக்கு என்ன?"

"சீனி. நானூற்று மூண்டு."

"நானூறோ! சங்கக்கடையில கூட இப்ப அவ்வளவு சீனி இல்லை."

அவர் மனைவி அவரை முறைத்துவிட்டு, என் மனைவியை முற்றத்து வேம்பின் கீழ் இருத்தினாள். கொஞ்ச நேரத்தில் என் மனைவிக்கு வேர்த்துக் கொட்டியது. சோளகம் அப்படி அடிக்கிற இடத்தில், நிழலில், சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது.

"அக்கா, அக்கா, என்னைத் தெரியுதோ?"

"பாயைச் சுருட்டுங்கோ பிள்ளை" என்றாள் என் மனைவி. "மழை வருது."

எழுபத்தொரு நாள் மழையில்லை. சீனி மூளைக்கு ஏறிவிட்டது, இனி மயக்கம், அதற்குப் பிறகு என்ன என்பது எனக்குத் தெரியும். பதினொரு மணிக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று பார்த்தேன். ஐம்பது. கடலில் ஒன்றரை மணித்தியாலம். பிறகு பஸ். கூட்டினால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல்.

"இஞ்சாருங்கோ" என்று வள்ளக்காரரின் மனைவி புருஷனைக் கூப்பிட்டாள். "மாமிக்கு வந்த மாதிரித்தான் இது. சீனி இறங்கினாலும் இப்பிடித்தான் வேர்க்கும், பிசத்தும். ஒரு தேத்தண்ணி சீனி போட்டுக் குடுப்பம்."

"சீனியோ!" நான் கத்தினேன். "கொல்லப் பாக்கிறீரோ?"

"அண்ணை, கோவிக்காதேங்கோ. எங்கட மாமி ஒரு மிடறு குடிச்ச உடனே எழும்பி எனக்கே பேசினவ."

"உங்கட மாமிக்கு ஆர் சீனி பாத்தது? நான் காலமை ரெண்டு தரம் பாத்தனான். கருவியால. ரெண்டு தரம்!"

வள்ளக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மழை அளந்தவர்தானே நீங்கள். வாளிக்குள்ளயே பாத்துக்கொண்டு நிண்டால் எப்பிடி அண்ணை? அந்த முகத்தை ஒருக்காப் பாருங்கோ. இது ஏறின முகமோ?"

அவர் மனைவி குசினிக்குப் போய்த் தேத்தண்ணியோடு வந்தாள். மூன்று கரண்டி சீனி போட்டதாகச் சொன்னாள். நான் கோப்பையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ஆவி உள்ளங்கையைச் சுட்டது. எடுக்கவில்லை. அவளும் கோப்பையை விடவில்லை. என் மனைவி இருவருக்கும் நடுவே தலை சாய்ந்து கிடந்தாள்.

"சரி, அதை விடுங்கோ, முகத்தையாவது கழுவி விடுவம்" என்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வள்ளக்காரரின் மனைவி வீட்டுக் குடிதண்ணீர்க் கானை எடுத்து வந்தாள். முகத்தையும் கழுத்தையும் கழுவினாள். கைகளைப் பிடித்து மணந்து பார்த்து, "கை முழுக்கப் பனங்களி" என்று சொல்லி, சவர்க்காரம் போட்டு விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். நல்ல தண்ணீர். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு வாளி கொண்டுவருவதே பெரும்பாடு. அவ்வளவு கலக்கத்திலும் அந்தத் தண்ணீர் மணலில் ஓடுவது என் கண்ணில் பட்டது.

நான் மெஷினை எடுத்தேன். அவர்களுக்குக் காட்டுவதற்குத்தான். நானூறோ அதற்கு மேலோ என்று அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்தால் தேத்தண்ணிக் கதையை விடுவார்கள். கீலத்தைச் சொருகி, ஈரம் துடைத்த விரலைக் குத்தி, துளியைத் தொட்டேன். மெஷின் பின்னுக்கு எண்ணிக்கொண்டு வந்தது.

2.2.

பதினெட்டால் பெருக்கினேன். முப்பத்தொன்பது தசம் ஆறு.

"என்னவாம் அண்ணை?"

உப்புக் காற்று கீலத்தைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். வறுத்த அரிசி போதவில்லை என்று நினைத்தேன். இன்னொன்றை எடுத்தேன். மற்றக் கையின் விரலைக் குத்தினேன். 2.1.

"குறைவு" என்றேன்.

வள்ளக்காரரின் மனைவி அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. என் மனைவியைத் தூக்கி நிமிர்த்தி, கரண்டியால் தேத்தண்ணியைக் கன்னத்துப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். விழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்து விட்டாள். அப்போது மணி 10.34. 10.51க்கு என் மனைவி கண்ணைத் திறந்து வேம்பைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏன் இஞ்ச வந்தனாங்கள்?" என்று கேட்டாள்.

பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடத்தில் நான் வேறொன்றையும் எண்ணவில்லை.

லாண்ட்மாஸ்டரை மறித்துத் தீவு ஆஸ்பத்திரிக்கே போனோம். மிஸ்ஸி கையில் சேலைன் ஏற்றினாள். இந்தக் குளிசை உடம்பில் ஒரு நாள் நிற்கும், திரும்பவும் இறங்கும், நாளை பின்னேரம் வரை விட ஏலாது என்றாள். பிறகு, "மூண்டு குளிசை ஆர் குடுக்கச் சொன்னது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

அவள் அதைத் துண்டில் எழுதிக்கொண்டாள். ஏசியிருக்கலாம்.

அடுத்த நாள் காலை, மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். பனாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் ஒரு சட்டி இருந்தது. முதல்நாள் தண்ணீர், செம்மஞ்சளாக, எறும்பு மொய்த்துக் கிடந்தது. பனாட்டு வேலைக்குக் காலையில் கை அலம்ப ஒரு சட்டித் தண்ணீர்தான் என்று சட்டம் போட்டவன் நான். எங்கள் கிணறு யூலையிலேயே வற்றிவிட்டது. அவள் நாலு மணியிலிருந்து அந்தச் சட்டிக்குள்தான் கையைத் தோய்த்துத் தோய்த்து எடுப்பாள். ஆறு நாற்பதுக்கு நான் மெஷினோடு வருவேன். அதே சட்டியில் அலம்பி, துணியில் துடைத்து, விரலை நீட்டுவாள்.

எனக்குச் சீனி வியாதி இல்லை. எறும்பைத் தள்ளி அந்தத் தண்ணீரில் விரலைத் தோய்த்து, அவள் துடைக்கிற துணியில் துடைத்து, குத்தினேன். 19.7. சவர்க்காரம் போட்டு, இரண்டு சிரட்டை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு மறுபடியும் குத்தினேன். 5.4. இரண்டு கீலம் செலவு. மிச்சம் முப்பத்தேழு.

பெறாமகனுடைய கரியும் வெள்ளியும் ஒரு பிழையும் விடவில்லை. இரத்தத்தில் இருந்த சீனியையும் தோலில் ஒட்டியிருந்த பனங்களிச் சீனியையும் ஒன்றாக எண்ணிச் சொல்லியிருந்தன. மெஷினோடு வந்த கடதாசியில், முதலாவது வரியில், கையைக் கழுவு என்றுதான் எழுதியிருந்தது. அதை நான் ஆங்கிலத்தில் ஒருதரம், அகராதியை வைத்துக்கொண்டு பிரெஞ்சில் ஒருதரம் வாசித்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், கட்டிலுக்குப் பக்கத்து வாங்கில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சட்டி, துணி, 19.7, 5.4.

அவள் சேலைன் ஏறிய கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் தின்னேல்லை."

"இல்லை."

"இதையும் மெஷின்தான் சொல்லுதோ, நீங்கள் சொல்லுறியளோ?"

"நான் சொல்லுறன்."

"எல்லாம் முடிஞ்ச பிறகு, ஆறுதலாய்ச் சொல்லுறியள்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பின்னேரம் வரை அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் நான்கு நாள், சாப்பாடு, தண்ணீர் என்ற அளவில்தான் பேச்சு.

சோளகம் தணிந்ததும் யாழ்ப்பாணம் போனோம். அங்கே டொக்டர், எண்களை எழுதி வைத்த என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஆய்வுகூடத்தில் கையிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லும் பரிசோதனையாம் அது. முடிவு வர ஒன்பது நாள் எடுத்தது. சீனி எங்கேயும் ஏறியிருக்கவில்லை. டொக்டர் குளிசையைப் பழையபடி ஒன்றாக்கினார். என் கொப்பியில் யூலை கடைசியிலிருந்து எழுதிய பத்தொன்பது எண்களையும் சிவப்புப் பேனையால் குறுக்கே கீறினேன். அவதான நிலையத்தில் கருவி பழுதானால் அப்படித்தான் கீறுவோம். ஆனால் குறிப்பு நிரலில் கருவி பழுது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வாசித்தவர் பழுது என்று எழுதினேன்.

பெறாமகன் இப்போதும் எழுதுகிறான். இப்போது அவர்கள் பிளாஸ்டிக் தாளில் பற்றரி அச்சடிக்கிறார்களாம். சுருட்டி எடுத்துப் போகிற வெயில் தகடும், மடிக்கிற திரையும் வரப்போகின்றனவாம். உடம்பில் ஒட்டிவிட்டால் குத்தாமலே சீனி பார்க்கும் துண்டும் ஒருநாள் வருமாம். ஒவ்வொரு கடிதத்தையும் நான் பயத்தோடுதான் வாசிக்கிறேன். அது வந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண் வந்தால் என்னைப் போன்ற ஒருவன் அருகில் இருப்பது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணம் போய்வந்த அன்று செலவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். லாண்ட்மாஸ்டர் இரண்டு தரம், படகு, பஸ், டொக்டர், ஆய்வுகூடம், குளிசை, மத்தியானச் சாப்பாடு, வள்ளக்காரரின் வீட்டுக்கு ஒரு கிலோ சீனியும் தேயிலையும், சவர்க்காரம் ஆறு. வள்ளக்காரர் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். மனைவி பின்னால் வந்து நின்று நிரலை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நான் களவெடுத்தனெண்டு சொன்னதுக்கு எவ்வளவு போட்டனீங்கள்?"

அதற்கு நான் ஒன்றும் போட்டிருக்கவில்லை. மற்றதெல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூற்று எண்பத்தாறு ரூபா ஐம்பது சதம்.